மாமாவின் பாட்டு டிரைவ்

"மாமா, கெளம்பலாங்களா?"

சீனிவாசலு நிமிரவே இல்லை. துவாலையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். மருமகள் லாஸ்யா இன்னொரு முறை கேட்டாள். அவர் துவாலையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து அத்தை ரங்கநாயகி குரல் கொடுத்தார். "ஏனுங்க, அவ கார் சாவியோட நிக்கறா பாருங்க. எந்திரிங்க." அத்தை மெதுவாகப் பேசினாலே தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். மாமா உடனே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அத்தை சொன்னால் நடக்கிறது. தண்டனை எனக்கு மட்டும்தான் என்று லாஸ்யா நினைத்துக்கொண்டாள்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஆயுசின் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர் மாமா. அதன்பின் அவருக்கு உலகமே மாடி அறைதான். கேசட்டிலும் சிடியிலும் இருந்த பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, படம், ஆண்டு, பாடியவர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு அடுக்கியிருந்தார். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளில் எதில் வயலின் மங்கல் என்று அப்பா படியேறும்போதே சொல்லிவிடுவார் என்பது அவர் மகன் வம்சியின் பெருமை.

கம்ப்யூட்டர் கெட்டாலும் பாட்டு போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் தனியாக இரண்டாவது டிரைவான இந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி வைத்தார். அந்த தைரியத்தில் கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அறைக்குள் வேறு யாரையும் கூட்டிப் பெருக்கக்கூட விடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் லாஸ்யா உள்ளே நுழைந்து மேசையைத் துடைத்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டர் அணைக்காமல் கிடந்ததும், ஏதோ கடிகாரம் டக் டக்கென்று ஓடியதும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. மறுநாள் டிரைவ் திறக்கவில்லை.

மாமா திட்டவில்லை. "நீ தொட்டயா?" என்று ஒரே கேள்வி. மேசையைத்தான் துடைத்தேன், டிரைவ் பக்கமே போகவில்லை என்று அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நாளாகவே அவளோடு பேச்சு குறைந்துதான் இருந்தது. அன்றோடு அதுவும் நின்றது.

நடுவில் நின்று அலுத்துப்போன வம்சி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தான். போவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிட்டான். பாட்டு திரும்பி வந்துவிட்டால் இந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

காந்திபுரத்தில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரர் கதிர் டிரைவை ஒரு வயரில் மாட்டினார்.

டக். டக். டக்.

லாஸ்யா நிமிர்ந்தாள். வெள்ளிக்கிழமை கேட்ட அதே சத்தம். மாமாவின் அறையில் கடிகாரமே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கீழே விழுந்ததா என்று கதிர் கேட்டார். இல்லை என்றாள். "வேற காப்பி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சார்?" என்று அடுத்த கேள்வியை மாமாவிடம் போட்டார். மாமா டிரைவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதிர் சங்கடத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

"இதுதாங்க காப்பி" என்றாள்.

"ரெண்டாவது டிரைவ்ல போட்டா காப்பின்னு நெனச்சுக்கறாங்க. மொத்தமும் இது ஒண்ணுலதான் இருக்குதுன்னா, அது எப்புடிங்க காப்பியாகும்?" என்ற கதிர் வயரைக் கழற்றினார். "யாரும் தட்டிக் கெட்டதில்லைங்க. உள்ள தேஞ்சுபோச்சு. ரெண்டு மூணு மாசமாவே இப்புடித்தான் சத்தம் போட்டுட்டு இருந்திருக்கும். அன்னைக்கே நிறுத்தியிருந்தா முழுசா எடுத்திருக்கலாம். இனிப் பாதி தேறுனாலே பெருசு."

அவள் மேல் தப்பில்லை. மூன்றாவது மனிதர், மாமா எதிரிலேயே சொல்லிவிட்டார். லாஸ்யா ஆவலோடு திரும்பிப் பார்த்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஒரு தலையசைப்பு போதும்.

மாமாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. டிரைவைக் கடையில் விட்டுவிட்டு, துவாலையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பழி போன பிறகும் ஒரு வார்த்தை சொல்ல மனசு வராத ஆளோடு எத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது? சாவியைத் திருகவில்லை. செல்போனை எடுத்து வம்சிக்கு எழுதினாள்: ‘அந்த வீட்டுக்கே போயிரலாங்க. இன்னைக்கே சொல்லிருங்க.’

அனுப்புவதற்கு விரலை வைக்கப் போனாள். முழங்கையில் மாமாவின் கை பட்டது.

அவர் இருக்கையிலேயே முழுசாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறார். கண்ணைக்கூடப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைக்காரரு என்ன சொன்னாரு கண்ணு? கொஞ்சம் உங்கத்தையாட்டச் சத்தமாச் சொல்லு."