பின்வளவில் ஓர் அறை

“பெத்த தாயைக் கொண்டுபோய்ப் பின்வளவுக்குள்ள விடுறதுக்குக் கவுன்சிலிட்டப் பெர்மிஷன் வேற கேட்டிருக்கிறியளோ?”

கிருஷ்ணராசா குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்று கேட்டார். அக்காவின் மகன் லக்‌ஷன் கதவைத் திறந்துவிட்டு நிற்க, குடையிலிருந்து வழிந்த மழைநீர் அவன் காலடியில் சொட்டியது.

“உள்ளுக்க வாங்கோ மாமா. நனையிறியள்.”

“நான் நனைஞ்சாப் பரவாயில்லை. அக்கா நனையப் போறாவே, அதுக்கு என்ன சொல்லுறாய்? தெருமுனையில விளக்குக் கம்பத்தில நோட்டீஸ் தொங்குது. தோட்டத்துக்குள்ள தனி அறையாம், குடும்ப ஆள் தங்குறதுக்காம். இந்த நோர்பரி ஊர்ச் சனமெல்லாம் வாசிச்சு முடிச்ச பிறகுதான் எனக்குத் தெரிய வருது.”

லக்‌ஷன் தலையைக் குனிந்தான். “அம்மாதான் கட்டியே தீருவன் எண்டு நிக்கிறா மாமா. நாங்கள் வேண்டாம் எண்டுதான் சொன்னனாங்கள்.”

“எல்லாப் பிள்ளையளும் உந்தக் கதையைத்தான் சொல்லுறது.”

அவர் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பின்வளவு தெரிந்தது. ஒரு கிழமை மழையில் புல்லுக்கு மேல் நீர் தேங்கி நின்றது. அதன் முடிவில் ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் ரயில் பாதை. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் கடந்துபோக, அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன.

“கேட்டியோ? மழை பெய்தா வெள்ளம், ரயில் போனாப் பூமியதிர்ச்சி. உதுக்குள்ள கோழிக்கூடும் வைக்கேலாது. நீ மனுசரை வைக்கப் பாக்கிறாய்.”

“சரியாச் சொல்லுறியள் மாமா,” என்றான் லக்‌ஷன்.

அவன் மனைவி துஷ்யா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு தட்டு நிறைய வடை. “நீங்களே சொல்லிப் பாருங்கோ மாமா. எங்கட கதை மாமியிட்ட எடுபடாது. நீங்கள் சொன்னாத்தான் கேப்பா.”

என்ன நடிப்பு என்று கிருஷ்ணராசா நினைத்துக்கொண்டார். வடையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“போன மாசம் அக்காவின்ர முன்னறையைக் கேட்டனீங்கள்தானே? வீட்டில இருந்து வேலை செய்ய இடம் போதாது, காணாதெண்டு. அப்பவே எனக்கு விளங்கியிருக்கவேணும். அத்தானும் அக்காவும் மாறி மாறி ஷிப்ட் அடிச்சு வாங்கின வீடு இது. இண்டைக்கும் அவவின்ர பேரிலதான் இருக்கு. அதை மறந்திடாதேங்கோ.”

“நாங்கள் மறக்கேல்லை மாமா.” லக்‌ஷனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சிவனேஸ்வரி மழைக்கோட்டும் ரப்பர் சப்பாத்துமாக இறங்கி வந்தார்.

“தம்பியோ? நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறாய். கவுன்சில் பிள்ளை பக்கப் படலையால வந்து பின்னுக்கு நிக்குது. குடையைக் கொண்டு வா.”

“அக்கா, நீங்கள் பேசாமல் இருங்கோ. இதை நான் பாக்கிறன்.”

“என்னத்தைப் பாக்கப் போறாய்?” என்று சிரித்துக்கொண்டே அவர் கதவைத் திறந்து சேற்றுக்குள் இறங்கினார்.

கவுன்சில் அதிகாரி ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். கையில் வரைபடத்துடன் மழைக்குள் நின்றாள். சிவனேஸ்வரி தன் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். வெள்ளம் ஏறாதபடி தரையை உயர்த்த வேண்டும். ரயில் அதிர்வுக்குத் தாக்குப்பிடிக்க அத்திவாரம் ஆழமாக இறங்க வேண்டும். சுவரில் ஈரம் பிடிக்கக்கூடாது. சத்தம் கேளாமல் இருக்க ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. குளியலறையும் உள்ளேயே இருக்க வேண்டும்.

கிருஷ்ணராசா குடையை அக்காவின் தலைக்கு மேல் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். தன்னைத் தள்ளிவைக்கப்போகும் இடத்தை அக்காவே எவ்வளவு கவனமாகத் திட்டமிடுகிறார் என்று நினைத்தார்.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அதிகாரிக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றார்.

“நான் இவவின்ர தம்பி,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். இந்தச் சேற்றுக்குள் தன் அக்கா ஒரு நாளும் குடியிருக்க மாட்டார் என்றார். வீட்டுக்காரியை வெளியே தள்ளும் வேலைக்குக் கவுன்சில் துணைபோகக்கூடாது என்றார். அனுமதி கொடுத்தால் கவுன்சில் வாசலில் வந்து குந்திக்கொண்டிருப்பேன், பொலிஸ் வந்தாலும் எழும்பமாட்டேன் என்று முடித்தார்.

கண்ணாடிக் கதவருகே நின்ற துஷ்யா லக்‌ஷனின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் மூச்சு விடாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி குழம்பிப்போனாள். வரைபடத்தைத் தாழ்த்திவிட்டு, “அப்படியென்றால் இந்த அறையில் இருக்கப்போவது யார்?” என்று சிவனேஸ்வரியைக் கேட்டாள்.

சிவனேஸ்வரி கதவடியில் நின்ற இருவரையும் விரலால் சுட்டிக்காட்டிவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“நானேன் தம்பி போறன்? இடம் காணாதெண்டது உவை ரெண்டு பேருமெல்லோ.”