அமிர்தவல்லியின் தலைப் பூ

கிணற்று நீர் இறைக்கும் கமலையில், இறக்கத்தில் நிறுத்த வேண்டிய மாடுகளை அய்யாக்கண்ணு நிறுத்தவில்லை. வடம் அறுந்து, தண்ணீரோடு மேலே வந்த தோல் சால் கிணற்றுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. மாடுகள் அவரைப் பார்த்தன. அவர் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலியோரம் சைக்கிளோடு நின்றான் சவரியப்பன். இலுப்பூரில் பூக்கடை வைத்திருப்பவன்; தினம் விடிந்ததும் வந்து, அய்யாக்கண்ணு தோட்டத்து மல்லிகையைக் கூடையோடு வாங்கிப் போகிறவன். இன்றைக்கும் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை அமிர்தவல்லியிடம் நீட்டினான். அவள் அதைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அய்யாக்கண்ணு அவளுக்கு ஒரு கிள்ளுப் பூ கொடுத்ததில்லை. விற்கிற பூவில் வீட்டுக்குக் கை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கடலைக் கொல்லையை அழித்து மல்லிகை வைத்தபோது பங்காளிகள் சிரித்தார்கள். "எம் பூவு இலுப்பூரையே மயக்கலேன்னா ஒரு பக்க மீசைய எடுத்துர்றேன்" என்று சவால் விட்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் பெண்டாட்டி தலையில் ஆனிக் கடைசியில் ஒரு முழம் ஏறியது. ஆடி பிறந்ததும் இரண்டு, மூன்று என்று வளர்ந்து இடுப்பைத் தொட்டது. அதுவும் காலையிலேயே மலர்ந்து கிடக்கிற பூ. சனிக்கிழமைகளில் மட்டும் வெறுந்தலை. 'வெள்ளிக்கிழம அம்மன் கோயில் கூட்டம், கடையில வேல பாத்துப் பய அலுத்துப் போயிர்றான். மறுநா காதலுக்கு லீவு விட்டுர்றான்' என்று கண்டுபிடித்து வெந்துபோனார்.

சவரியப்பனுக்குக் கிராப்பு இருந்தது, சைக்கிள் இருந்தது, சைக்கிளில் மணியும் இருந்தது. தனக்கு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். இரண்டு மாடு, அதில் ஒன்று நொண்டி.

"பூவு ஏது?" என்று ஒருநாள் கேட்டார்.

"செடியில பூத்தது" என்றாள் அமிர்தவல்லி.

சவரியப்பனைக் கேட்டதற்கு, "அண்ணிக்கிட்டயே கேட்டுக்கங்கண்ணே" என்று பெடலை மிதித்துவிட்டான்.

இன்றைக்கு விடுவதாயில்லை. அறுந்த வடத்தைக் கையில் பிடித்தபடியே வேலிக்கு வந்தார். அதைப் பார்த்ததும் சவரியப்பன் கூடையைச் சரியாகக்கூடக் கட்டாமல் பறந்தான்.

"அமிர்தம், எனக்கு நேரா ஒரு பதில் வேணும். அவன் எதுக்கு ஒனக்குப் பூக் குடுக்குறான்?"

"மொதல்ல சால எடுங்க. மாடு நிக்கிது."

"சாலு கெடக்கட்டும். எம் பொழப்பே கெணத்துக்குள்ள கெடக்கு!" வடத்தைக் கீழே போட்டார். "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா பாத்தியவே குடுத்திருப்பேனே, புள்ள. அவன் பூவுல அப்புடி என்ன கண்ட?"

அமிர்தவல்லி முந்தானைக்குள் கை விட்டாள். பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். நாலு முழம், இதழெல்லாம் ஓரம் பழுத்திருந்தது.

"அவன் பூவு இல்லீங்க. விக்காமத் திரும்பி வந்த நம்ம பூவு. குப்பையில போட்டா ஒங்க பங்காளிக பாப்பாக. எந் தலையத் தவிர வேற எங்கிட்டு ஒளிச்சு வைப்பேன்?"