மெழுகு வாசம்

பிள்ளையைத் தூக்க அவர் குனிந்தபோது எனக்குச் சம்பங்கி வாசம் வந்தது.

சந்தோஷத்தில் கத்திவிடலாம் போலிருந்தது.

ஐந்து வருடமாக என் மூக்குக்கு அந்த ஒரு வாசம் மட்டும் கிடையாது. கொடைரோடு பக்கம், சென்ட்டுக்கும் முகத்துக்குப் பூசும் கிரீமுக்கும் சம்பங்கியிலிருந்து சத்து எடுக்கிற ஃபேக்டரியில் எனக்கு வேலை. நன்றாக விரிந்த பூவை டேங்கில் கொட்டி, பெட்ரோல் மாதிரி ஒரு மருந்தில் ஊறவைத்து, அந்த மருந்தை ஆவியாக்கி எடுத்தால் அடியில் மஞ்சளாக ஒரு மெழுகு நிற்கும். அதைச் சுரண்டி டின்னில் அடைப்பேன். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்றாம் மாதம் மூக்கு செத்துப்போகும். அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் இதே கதிதான். மீன் குழம்பு தெரியும், மண்ணெண்ணெய் தெரியும், சம்பங்கி மட்டும் தெரியாது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் கொண்டையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒரு பூவும் இருக்காது.

நாலைந்து மாதம் வேலைக்கு வராமல் இருந்தால் மூக்கு திரும்பிவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. ஏழாம் மாதம் பிரசவத்துக்கு எரியோட்டில் அம்மா வீட்டுக்கு வந்தேன். ஆறு வருடம் மாதாவிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளைக்கு இப்போது இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மூக்கும் வந்துவிட்டது.

"என்னங்க" என்று ஆரம்பித்தேன். சொன்னால் சிரிப்பார். என் மூக்கைக் கேலி பண்ணாமல் ஸ்டீபன்ராஜுக்கு ஒரு நாளும் போகாது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார், பாவம்.

பிள்ளையை அவர் தோளில் சாய்த்தபோது சட்டைக் காலர் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. இன்னொரு தடவை மூச்சை இழுத்தேன், ஆசையாகத்தான்.

அது பூ வாசம் இல்லை. மெழுகு வாசம்.

பூக்கடையில் நின்றால் வருகிற வாசம் வேறு. வெளியே வந்தால் போய்விடும். மெழுகு அப்படியில்லை. அடியில் கொஞ்சம் பெட்ரோல் நெடியோடு, கெட்டியாக, தோலிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். மூக்கு சாகும் முன் நான் அங்கே முதலில் படித்த பாடம் அதுதான்.

அந்த வாசமும் மிஞ்சிப்போனால் பத்து நாள் நிற்கும். நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது.

மனசு அவருக்காக ஓடி ஓடிக் காரணம் தேடியது. என் பழைய சேலையா? அவை எல்லாம் இங்கே என்னிடம் இருக்கின்றன. அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஃபேக்டரி மோட்டார் ஏதாவது பழுதுக்கு வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"அவுங்க எங்க நம்மகிட்ட வாராங்க? ரெண்டு மாசமா அம்புட்டும் தோட்டத்து மோட்டாருதான்" என்றார், பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் அந்த ஃபேக்டரி வேனில் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரீனா. ஊருக்குக் கிளம்பும்போது அவளிடம்தான் சொல்லிவிட்டு வந்தேன், அவருக்கு நேரத்துக்குக் கொஞ்சம் குழம்பு, வெஞ்சனம் கொடுத்துப் பார்த்துக்கொள் என்று. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறைக்கக்கூட இந்த மனுஷன் மெனக்கெடவில்லை. அழுத்தித் தேய்த்துக் குளிக்கவில்லை, ஒரு பவுடர் பூசவில்லை. பெண்டாட்டிக்கு மூக்கு செத்துவிட்டது என்று அவ்வளவு நிம்மதி. ஒவ்வொரு ஞாயிறும் இப்படியேதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பிள்ளையோடு வாசலுக்குப் போனார். அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போவதையே பார்த்தாள். அம்மாவுக்கு மருமகன் என்றால் உயிர்.

"அஞ்சு மாசமா ஒன்னய விட்டு இருந்தும் மாப்ள மேல ஒன் வாசம் போகல பாரு. கலியாணம் முடிஞ்சு மொத விருந்துக்கு வந்தப்ப இருந்தே இப்படித்தான்டி."

அந்த முதல் விருந்தின்போது நான் ஃபேக்டரி வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

கல்யாணமான முதல் வருடம் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். ஒருநாள் துவைக்க எடுத்த அவர் சட்டையை முகர்ந்துவிட்டு, இதென்ன பூ வாசம் என்று கேட்டேன். சந்தேகமெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்டேன். அவர் சட்டையை வாங்கி வாளித் தண்ணீரில் அமுக்கினார்.

அடுத்த வாரம் எனக்கு வேலை பேசிவிட்டு வந்தார். வீட்டில் சும்மா இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்த ரீனா சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். எனக்குக் காலை ஷிப்ட், அவளுக்கு மதிய ஷிப்ட் என்று அவளே கேட்டு வாங்கினாள்.

முதல் நாள் என்னை வேனில் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். வேன் நகர்ந்ததும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவரும் அவளும் சேர்ந்து தெருவுக்குள் திரும்பி நடந்தார்கள்.