முதல் கொழுந்து

மண்சரிவில் புதைந்துபோன, கொழுந்து பறிக்கும் பவுலினின் பெயரை அன்று காலைதான் கஜேந்திரன் தேயிலைத் தோட்டத்துச் சம்பளக் கணினியிலிருந்து நீக்கினான். அதன்பின் சர்வர் ஒழுங்காகத் தொடங்கியது. ஆனால் மலையிலுள்ள தராசு அனுப்பிய எந்த எடைக்கும் பதில் சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்தித் தொடங்கியும் மசியவில்லை. பதியாத கொழுந்துக்குச் சம்பளமும் இல்லை.

மலையில் கொழுந்து நிறுக்கும் கங்காணி மைக்கல் போனில் கூப்பிட்டார்.

"எப்பவும் பவுலினக்கா கொழுந்தத்தான மொதல்ல நிறுப்போம், தம்பி. அவங்க பேர திரும்பப் போட்டுப் பாருங்க."

வேறு வழியில்லாமல் போட்டான். உடனே திரையில் பதில் வந்தது: பவுலின், பதினெட்டு கிலோ.

"யாரு கொழுந்தண்ணே தராசுல போட்டீங்க?"

"இப்ப யாரும் எதுவும் போடல." மைக்கலின் குரல் இறங்கியது. "வெறுங்கொக்கிதான் தொங்குது. அதுல இருந்து ஈர மண்ணு உதிருது, தம்பி."