இரண்டு விரல் இறக்கம்

அழகுராஜா செம்பட்டி ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மனைவி தமிழ்மதி மண் டிராக்கில் பந்தயக் கார் ஓட்டுகிறவள். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கி அவள் தலையில் இறங்கிவிடாதபடி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியது அவன்தான்.

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு, அவள் தலைக்கு மேலிருந்த குழாய் இரண்டு விரல் அளவு கீழே வளைந்திருந்தது. கார் பட்டறையை விட்டு நகரவே இல்லை. அறுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்தான். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே வளைவு. இன்னொன்று வைத்தான். அதுவும் வளைந்தது.

"இந்தத் தடவ போக வேணாம் மதி," என்றான்.

அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து, தலைக்கும் குழாய்க்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தாள். "அது எறங்குனா எறங்கட்டும். நீங்க சீட்ட எறக்கிருங்க."

சீட்டை இரண்டு விரல் இறக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை குஜிலியம்பாறைப் பக்கம் நடந்த பந்தயத்தில் கார் இரண்டு முறை உருண்டு தலைகீழாகக் கிடந்தது. அவன் ஓடிச் சேர்வதற்குள் அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஊர்ந்து வெளியே வந்தாள். கீறல்கூட இல்லை. நசுங்கிய கூரைத் தகடு அந்த வளைவில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. குழாய் அதற்கு மேல் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மற்றக் குழாய்கள் நேராகவே இருந்தன.

மூன்றாம் நாள் பார்த்தபோது, இடப்பக்கம் மேலிருந்த குழாயும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் சீட்டே கிடையாது.

தமிழ்மதி வளைவைத் தடவிப் பார்த்தாள். "அங்கிட்டு யாருங்க உக்காரப் போறா?"

அழகுராஜா டேப்பை எடுத்து, அங்கே ஒரு புதுச் சீட்டை எவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும் என்று அளக்க ஆரம்பித்தான்.