கரையில் நிற்கும் படகு

எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடித்த ஓவியத்தைக் காட்டுவதுதான் கூடத்துச் சுவரிலிருந்த அந்தத் திரையின் ஒரே வேலை. பழுது பார்க்க வந்த சகாயம், முதலில் தமயந்தியைத் தனியாக உட்கார வைத்தான். கரையில் நிற்கும் ஒரு படகு வந்தது. பிறகு அவர் கணவர் ஞானவேலைத் தனியாக உட்கார வைத்தான். அதே படகுதான் வந்தது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததும் திரை வெறும் வெள்ளையாகிவிட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து. அன்னிக்குத்தான் படத்துக்கு என்ன அர்த்தம்னு பேசிக்கிட்டோம்," என்றார் தமயந்தி. "யாரோ வீடு வந்து சேந்துட்டாங்கன்னு நான் சொன்னேன்."

"யாரோ கிளம்பப் போறாங்கன்னு நான் சொன்னேன்," என்றார் ஞானவேல்.

சகாயம் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பைக்குள் திரும்ப வைத்தான்.

"இன்னும் கியாரண்டி இருக்குல்ல?" என்று ஞானவேல் கேட்டார்.

"திரைக்கு இருக்கு சார்."