கம்பத்தில் பட்ட பந்து

மைதானத்து வேப்பமரத்தில் காகமும் அணிலும் இருந்தன. மரத்தடியில் ஒரு வெள்ளாடு. ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்துக்கும் முன்னால், யார் ஜெயிப்பார்கள் என்று மூன்றும் சொல்லும். சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. சீசன் முடிவில் அவற்றில் முதல் இரண்டுக்குத்தான் பிளே-ஆஃப், அதாவது கணிப்புப் போட்டியின் இறுதிச் சுற்று.

கடைசி ஆட்டம் வந்தபோது காகம் முதலிடத்தில் இருந்தது. ஆடும் அணிலும் சமம். ஆடு எப்போதும்போல, "நம்ம ஊர்தான்" என்றது. அதற்கு வேறு பதிலே தெரியாது. ஊர் அணி இந்த வருஷம் நன்றாக ஆடியதால்தான் அது இவ்வளவு தூரம் வந்திருந்தது. அதையே தானும் சொன்னால் ஆட்டை முந்த முடியாது என்று அணில் கணக்குப் போட்டது.

"எதிரணி," என்றது அணில்.

"நேத்துகூட நம்ம அருளப்பன் பிராக்டிஸ் முடிச்சு வந்து போட்ட கடலையைத் தின்னியே!" என்றது காகம்.

"கடலை வேற, கணிப்பு வேற."

எதிரணி ஒரு கோல் போட்டது. கடைசி நிமிடத்தில் அருளப்பன் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள். அருளப்பன் புல்லில் மல்லாந்து கிடந்தான்.

"நீ உள்ள வந்துட்ட," என்றது காகம், அணிலிடம்.

ஆடு அண்ணாந்து பார்த்தது. தன் புள்ளியைப் பற்றி அது கேட்கவே இல்லை.

"பந்து கம்பத்துல பட்டப்ப மேல யாரோ கைதட்டினாங்களே, எதிரூர்க்காரங்க யாராச்சும் மரத்துல ஏறி உக்காந்திருக்காங்களா?"

காகம் அணிலைப் பார்த்தது. அணில் தன் முன்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.